ஏற்காட்டில் விலங்கு செதுக்கிய கல்: கல்லறையா, நடுகல்லா?

மலைமிளகு:
ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட ஓரம் பலகைக் கல் ஒன்று நிற்கிறது. மண்ணுக்கு மேல் மூன்றடி உயரம், இரண்டடி அகலம், கிழக்குப் பார்த்த முகம். ஓர் ஆள், அவன்மேல் பாயும் விலங்கு, அதன் பின்னால் சின்னதாக இன்னொன்று. மேல் மூலைகளில் வட்டமும் பிறையும். எண்ணெய்ப் பிசுக்கில் புலியா பன்றியா என்றே தெரியவில்லை. அசர்பைஜானில் ஆட்டுக்கிடாய் வடிவில் கல்லறை வைப்பார்களாமே, இதுவும் அந்த மாதிரியா? பிசுக்கை எடுக்க ஆசிட் போடலாமா? மைப்படி, அதாவது தாள் ஒட்டி மை ஒற்றி எடுக்கும் நகல், எடுப்பது எப்படி?

நடுகல்தேடி:
ஆசிட் வேண்டவே வேண்டாம். சேர்வராயன் மலைக் கல் பெரும்பாலும் சார்னோகைட். அதில் இரும்புள்ள கனிமங்கள் உண்டு. ஆசிட் பட்டால் துருக் கறை இறங்கிவிடும், பிறகு எதைப் போட்டும் போகாது. கம்பி பிரஷ்ஷும் கூடாது. இந்தக் கல் கெட்டி என்பதால் சிற்பி ஆழமாக வெட்டியிருக்க மாட்டார். தேய்த்தால் முதலில் போவது கண்ணும் மீசையும்தான். கும்பிடுகிற கல் என்றால் பூசாரியைக் கேட்காமல் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள்.

விலங்கை முகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், வாலைப் பாருங்கள். புலி என்றால் வால் நீண்டு முதுகுக்கு மேல் வளைந்து நிற்கும். பெரும்பாலும் பின்னங்காலில் எழும்பியிருக்கும், வீரனின் வாளோ ஈட்டியோ வாயிலோ வயிற்றிலோ பாய்ந்திருக்கும். பன்றி என்றால் குட்டை வால், நீண்ட மூக்கு, முதுகில் சிலிர்த்த மயிர்க் கோடு. பன்றிக்குத்திக் கல்லில், அதாவது பன்றியோடு போரிட்ட வீரனின் கல்லில், பின்னாலிருந்து நாய் கவ்வுவதும் உண்டு. வரிசையாகச் சின்ன மாடுகள் இருந்தால் அது தொறுப் பூசலில், அதாவது ஆநிரை சண்டையில் இறந்தவன் கல். பக்கத்தில் வளையலோடு உயர்ந்த கை இருந்தால் அது சதிக்கல், கணவனோடு தீப்பாய்ந்தவளுக்கு வைத்தது.

சூரியனும் பிறையும் மட்டும் வைத்து நடுகல் என்று சொல்லிவிட முடியாது. அவை உள்ளவரை இது நிலைக்கட்டும் என்பது பொருள், தானக் கல்லிலும் அதே பொருளில் வரும். கூடவே சூலம் இருந்தால் சிவன் கோயில் நில எல்லையாக இருக்கலாம். உங்கள் கல்லில் ஆள் இருப்பதால் அந்தச் சந்தேகம் இல்லை.

மைப்படிக்காரன்:
முதலில் வெளிச்சம். கிழக்கு முகக் கல்லில் காலை வெயில் நேராக விழும், புடைப்பு தட்டையாகிவிடும். 11 மணி வாக்கில் வெயில் மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும்போது படம் எடுங்கள். மூடுபனி நாளில் இரவில் டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். அளவுகோலும் படத்தில் இருக்கட்டும்.

மைப்படி எழுத்துக்குத்தான், உருவத்துக்கு அல்ல. புடைப்பின் விளிம்பில் தாள் கிழியும். எழுத்து இருந்தால் தொல்லியல் துறை அனுமதியோடு: தண்ணீரும் நார் பிரஷ்ஷும் கொண்டு துடைத்து, நனைத்த தாளை ஒட்டி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். தாள் எழுத்துக் குழிக்குள் இறங்கணும். பாதி காய்ந்ததும் விளக்குக்கரியும் பிசினும் கலந்த மையைத் துணிப் பொதியால் மெல்ல ஒற்றுங்கள். ஈரம் அதிகமானால் மை ஊறிக் கல்லில் இறங்கும். காய்ந்துவிட்டால் தாள் எழும்பி எழுத்து இரட்டையாகத் தெரியும். எழுத்து தெரிய வேண்டும் என்று சிலர் கல்லில் மைதா மாவு பூசுவார்கள். எறும்பும் பூஞ்சையும்தான் மிச்சம்.

கல்லும்ஊரும்:
ஆட்டுக்கிடாய்க் கல் வேறு சங்கதி. அங்கே கல்லே விலங்கு. அசர்பைஜானின் நக்சிவான், ஆர்மீனியா, துருக்கியின் துன்செலி வரை ஒரே கல்லில் கிடாயைச் செதுக்கிச் சவக்குழிமேல் வைத்தார்கள். கொம்பு சுருளாக இருக்கும், விலாப்புறத்தில் வாள், வில், கேடயம் செதுக்கியிருக்கும். ஈரானில் பக்தியாரி மக்கள் சிங்கம் வைத்தார்கள், அதன் உடம்பில் வாளும் துப்பாக்கியும். அந்தப் பக்கம் ஆண்ட துருக்மான் வம்சமான காராகோயுன்லுவின் பெயருக்கு 'கருப்பு ஆட்டினர்' என்று பொருள் என்பதால் கிடாய்க் கல் முழுவதையும் அவர்கள் கணக்கில் எழுதுவோர் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. நக்சிவானிலுள்ள ஜுல்ஃபாவின் ஆர்மீனியக் கிறிஸ்தவக் கல்லறையிலும் கிடாய்க் கற்கள் இருந்தனவே.

நம் ஊரில் விலங்கு கல்லின் வடிவம் அல்ல, கதையின் பாத்திரம். நடுகல்லுக்குக் கீழே உடல் இருக்கணும் என்ற கட்டாயமும் இல்லை, அதனால் தோண்டிப் பார்க்கக் கூடாது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று உண்டு. வீரனோடு நாயும் அதில் நிற்கிறது. இரண்டு கள்ளரைக் கடித்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்று எழுத்திலேயே இருக்கிறது. உங்கள் கல்லில் பின்னால் நிற்கும் சின்ன உருவத்தை அலட்சியமாக விடாதீர்கள்.

மலைமிளகு:
11 மணி வெயிலில் பார்த்தாச்சு. பெரியதுக்கு வால் குட்டை, முதுகில் கோடு. சின்னதுக்கு வால் சுருண்டிருக்கு. எழுத்து எதுவும் இல்லை.

நடுகல்தேடி:
அப்போ பன்றிக்குத்திக் கல், கூட நாய். மைப்படி தேவையில்லை. படம், அளவு, இடக்குறிப்பு மூன்றையும் சேலம் அரசு அருங்காட்சியகத்துக்கு எழுதி அனுப்புங்கள். கல்லை நகர்த்த வேண்டாம்.