மகன் பையில் பக்கத்துப் பையனின் பேனா: என்ன செய்வது?

ஐந்தாம் வகுப்பு அம்மா:
நேற்று மகன் பையில் புதிதாக ஒரு இங்க் பேனா இருந்தது. கேட்டதற்கு, கீழே கிடந்தது என்றான். மறுபடி கேட்டதும் பக்கத்து பெஞ்சுப் பையனுடையது என்று அழுதுவிட்டான். வகுப்பில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைக்கணும் என்கிறார் அவன் அப்பா. எனக்கு மனசு ஒப்பவில்லை. அதற்காக அப்படியே விடவும் முடியாது. ஆசிரியர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கும்பகோணத்துக்காரன்:
வேண்டாங்க. ஒரு ரப்பருக்காக ஆறாம் வகுப்பில் என்னை பிரேயரில் நிற்க வைத்தார்கள். பத்தாம் வகுப்பு முடியும்வரை என் பெயரே 'ரப்பர்'தான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அம்மா, நடுநிலைப் பள்ளியில் 22 வருடம் இருந்தவன் நான். அங்கே ஒரு நேர்மைக் கடை வைத்திருந்தோம். வராண்டாவில் ஒரு மேசை, பென்சில், ரப்பர், கோடு போட்ட நோட்டு, விலை எழுதிய அட்டை, காசு போட ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். விற்க ஆள் கிடையாது. முதல் வாரம் 31 ரூபாய் துண்டு விழுந்தது. யார் என்று தேடவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் பார்த்து, குறைந்த தொகையைக் கரும்பலகையில் எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் பாட்டிலுக்குள் தாளில் சுற்றிய பத்து ரூபாய் கிடந்தது. தாளில் 'ரெண்டு பென்சில்' என்று மட்டும் எழுதியிருந்தது. கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

திருக்குறளின் 108 அதிகாரங்களைப் பாடத்தில் சேர்க்கச் சொல்லி 2016-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. நல்ல காரியம். ஆனால் 'கள்ளாமை' அதிகாரத்தை ஒப்பிக்கிற பிள்ளைக்கும் புதுப் பேனாவைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க அவனுக்கு ஒரு வழி விடணும்.

நாளைக்கு மணி அடிக்கும் முன்பே மகன்கூடப் போங்கள், ஆனால் கேட்டருகே நின்றுவிடுங்கள். 'நான்தான் எடுத்தேன்' என்று அவனே சொல்லிக் கொடுக்கட்டும். வகுப்பாசிரியர் காதில் மட்டும் போட்டு வையுங்கள், யாராவது கேலி செய்தால் பார்த்துக்கொள்வார். அப்புறம், அவன் அப்பாவிடம் சொல்லுங்கள்: உண்மையைச் சொன்ன அன்றைக்கு அடி விழுந்தால் அடுத்த முறை சொல்ல மாட்டான்.

ஐந்தாம் வகுப்பு அம்மா:
சார், இன்று போனோம். கொடுத்துவிட்டான், குரல்தான் வெளியே வரவில்லை. அந்தப் பையன் மூடியைத் திறந்து பார்த்து, "இங்க் தீர்ந்துடுச்சே" என்றானாம். சாயங்காலம் என் மகன் உண்டியலை உடைத்து, அவன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு இங்க் பாட்டில் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறான்.