மூண்டு பிள்ளையளோட வீட்டில படிப்பிக்க எந்த நேரம் சரிவரும்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

உப்புவெளி அம்மா:
வணக்கம். மூத்தவக்கு எட்டு வயசு, மூண்டாம் ஆண்டு. மகனுக்கு நாலு, நேசரி போறார். கடைசி பத்து மாசம். மூத்தவ வாசிப்பில கொஞ்சம் பின்னுக்கு நிக்கிறா, ல ள ழ மூண்டையும் மாத்தி மாத்தி எழுதுறா. ரியூசனுக்கு விட மனமில்ல, நானே பக்கத்தில இருந்து சொல்லிக்குடுக்கத்தான் ஆசை, ஆனா நேரம்தான் பிடிபடுதில்ல.

பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டுட்டு ரெண்டரைக்கு இருத்திப் பாத்தன். எங்கட வீடு ஷீட் போட்ட வீடு, இப்ப கச்சான் காத்து வேற, ஃபேன் போட்டாலும் அடுப்புக்குப் பக்கத்தில இருக்கிற மாதிரித்தான், அவ கொப்பிக்கு மேலயே தலையை வச்சு நித்திரையாகிடுறா. இரவு ஏழு மணிக்கு இருந்தா சின்னவ என்ர மடியை விட்டு இறங்கமாட்டா, மகன் பென்சிலைப் பறிச்சுக்கொண்டு ஓடுவார், முந்தநாள் அக்காட கணக்குக் கொப்பியில நடுத்தாளைக் கிழிச்சுப்போட்டார், அவ அழ, நானும் கத்திப்போட்டு பிறகு இரவு முழுக்க மனசு கேக்கேல்ல. விடிய அஞ்சு மணிக்கு எழுப்பினா கண்ணே திறக்கிறா இல்ல. ஆருக்காவது இப்பிடி இருந்து சரிவந்திருந்தா சொல்லுங்கோ.

சாம்பல்தீவு அக்கா:
தங்கச்சி, நேரத்தைப் பிறகு பாப்பம். ஆர் ஆர் எத்தினை மணிக்குப் படுக்கினம், பகல்ல எப்ப நித்திரை, எப்ப பசி வருது எண்டு மூண்டு நாளைக்கு ஒரு தாளில எழுதிப் பாருங்கோ. எனக்கும் ரெண்டும் ஒண்டரை வயசு வித்தியாசத்தில பிறந்ததுகள், அப்பிடி எழுதின பிறகுதான் எங்க பிழை எண்டு விளங்கினது.

உப்புவெளி அம்மா:
எழுதினன் அக்கா. சின்னவ காலமை ஒம்பதரைக்கு ஒருக்கா, பின்னேரம் ரெண்டுக்கு ஒருக்கா ஏணையில. மகன் மூண்டு மணிக்குப் படுத்து அஞ்சு மணிக்குத்தான் எழும்புறார், அதால இரவு பத்து வரைக்கும் முழிச்சுக்கொண்டு இருப்பார். இவர் நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் வேலை, ஒம்பதரைக்குத்தான் வருவார், மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டவுடன மூத்தவவும் மகனும் கேற்றுக்கு ஓடுவினம். அதுக்காகவே முழிச்சிருக்கினம், பத்தே காலுக்குத்தான் படுக்கை.

ஓய்வுபெற்ற ரீச்சர்:
மகள், பிழை அங்கதான் இருக்கு. எட்டு வயசுப் பிள்ளைக்கு 9 தொடக்கம் 12 மணித்தியால நித்திரை வேணும். பத்தே காலுக்குப் படுத்து அஞ்சுக்கு எழும்பினா ஏழு மணித்தியாலம்கூட வராது, அந்தப் பிள்ளைக்கு எந்த நேரம் குடுத்தாலும் ஏறாது. நாலு வயசுக்கு பகல் நித்திரையையும் சேர்த்து 10 தொடக்கம் 13 காணும். மகனை நேசரியால வந்து சாப்பிட்டவுடன படுக்க வையுங்கோ, ரெண்டரைக்குப் பிறகு படுக்க விடாதேங்கோ. முதல் மூண்டு நாலு நாள் பின்னேரம் சிணுங்குவார், கடலடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, எட்டு மணிக்குத் தானா விழுந்து படுப்பார்.

இன்னொண்டு. நாங்கள் கதைக்கேக்க மழையை மளை எண்டுதானே சொல்லுறம், காதால ழவும் ளவும் பிள்ளைக்குப் பிரியாது, எழுத்தைக் கண்ணால பாத்துப் பாத்துத்தான் மனசில பதியும். அதுக்கு களைப்பில்லாத கண் வேணும், ஆனபடியால் வாசிப்பும் எழுத்தும் விடியவில, வாய்ப்பாடு மாதிரி வாயால சொல்லுறதெல்லாம் பின்னேரம் சமைக்கேக்க. ஒரு தரத்துக்கு பதினைஞ்சு நிமிசம் காணும், அதுக்கு மேல இழுக்காதேங்கோ.

திருக்கடலூர் அப்பா:
ரீச்சர் சொல்லுறது சரி, ஆனா பிள்ளையள் தகப்பனைப் பாக்கிற அந்த நேரத்தை வெட்டுறது எனக்குச் சரியாப் படேல்ல. நான் கடலுக்குப் போறவன், இரவில வீட்டில நிக்கிறது குறைவு. எங்கட வீட்டில விடியக் கரைக்கு வந்த பிறகுதான் பிள்ளையளோட இருக்கிற நேரம். தங்கச்சி, அண்ணையைக் காலமையில அரை மணித்தியாலம் பிள்ளையளோட நிக்கச் சொல்லுங்கோ. அவருக்கும் நித்திரை காணாதுதான், ஆனா பிள்ளை வளந்து போற வயசு திரும்பி வராது.

சாம்பல்தீவு அக்கா:
மகனுக்கும் ஒரு கொப்பி குடுங்கோ, அக்காட பழசு வேண்டாம், கடையில வாங்கின புதுசு. மூத்தவக்குத் தொடங்க முதல் பத்து நிமிசம் அவரோட மட்டும் இருங்கோ. அவர் பென்சிலைப் பறிக்கிறது உங்களை இழுக்கத்தான்.

உப்புவெளி அம்மா (மூண்டு கிழமைக்குப் பிறகு):
எல்லாருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தனான். முதல் கிழமை சரியான கஷ்டம், மகன் நாலு மணிக்கு கதிரையிலயே கண்ணைச் செருகுவார், தண்ணியால முகத்தைத் துடைச்சு உப்புவெளிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவன். இப்ப ரெண்டு பேரும் எட்டரைக்குப் படுக்கினம். விடிய அஞ்சேமுக்காலுக்கு இவர் மகனையும் சின்னவையும் தூக்கிக்கொண்டு முத்தத்துக்குப் போறார், கோழிக்குத் தீன் போடுறது மகன்ர வேலை. நானும் மூத்தவவும் குசினி வாசலில, காத்து வாற பக்கமா, பதினைஞ்சு நிமிசம். ஒரு கிழமைக்கு ஒரு எழுத்து மட்டும், ழவில தொடங்கினம்: மழை, வாழை, கிழமை, குழந்தை.

பின்னேரம் நான் எதிர்பாக்காத ஒண்டு நடந்தது. சின்னவ ஏணையில கிடக்க, மூத்தவ கயிறைக் கால் பெருவிரலில கொழுவிக்கொண்டு, ஆட்டி ஆட்டி தம்பிக்குக் கதை வாசிக்கிறா. ஏணை முன்னுக்கு வரேக்க ஒரு சொல்லு, பின்னுக்குப் போகேக்க ஒரு சொல்லு. தடக்கினா ஏணையும் நிக்கும், சின்னவ சிணுங்குவா, உடன எழுத்துக்கூட்டி வாசிச்சிடுவா. நான் கதவுக்குப் பின்னால நிண்டு கேட்டுக்கொண்டு இருந்தனான், கிட்டப் போகேல்ல.

இன்னும் ஒரு சந்தேகம் ரீச்சர், ஞாயிறு காலமை அறநெறி வகுப்பு இருக்கு, அண்டைக்கும் விடிய எழுப்பவா விடவா?

ஓய்வுபெற்ற ரீச்சர்:
விடுங்கோ மகள், அண்டைக்கு அவ தானா எழும்பட்டும். அடுத்ததா ளவுக்குப் போங்கோ, லவைக் கடைசியா வையுங்கோ. புள்ளி, பள்ளி, வெள்ளி எண்டு தொடங்குங்கோ.