வில்ஃபுல் பிளைண்ட்னஸ்: 'கண்டும் காணாமை' ஏன் சரிப்படாது?

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தொகுத்துவரும் தமிழ்ச் சட்டச்சொல் பட்டியலில், நிதிக்குற்ற வழக்குகளின் எதிர்வாதச் சொற்கள் பாதிக்கு மேல் முடிந்துவிட்டன. மென்ஸ் ரியாவுக்குக் குற்றமனம், குட் ஃபெய்த்துக்கு நல்லெண்ணம், பர்டன் ஆஃப் ப்ரூஃபுக்கு மெய்ப்பிக்கும் பொறுப்பு. இவற்றில் யாருக்கும் பெரிய சண்டை இல்லை. ஒயிட் காலர் க்ரைம் மட்டும் 'வெள்ளைச் சட்டைக் குற்றமா', 'மேல்தட்டுக் குற்றமா' என்று இழுத்துக்கொண்டே போகிறது. அதற்கு அவசரமில்லை. 1939இல் அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லாந்து அந்தத் தொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோதே அது சமூகவியல் சொல்லாகத்தான் வந்தது. குற்றப்பத்திரிகையில் மோசடி, நம்பிக்கை மோசடி, கையாடல், பொய்க்கணக்கு என்றுதான் இருக்கும்.

சிக்கல் வில்ஃபுல் பிளைண்ட்னஸில்தான், அதாவது தெரிந்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே பார்க்காமல் இருப்பதில். முந்தைய மடலில் ஒருவர் கேட்டது:

> 'கண்டும் காணாமை' என்று அழகான தமிழ் ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

அழகான தமிழ்தான், ஆனால் பொருள் வேறு. கண்டும் காணாததுபோல் இருப்பவர் கண்டுவிட்டார். சட்டத்தின் கணக்கில் அவருக்கு விஷயம் தெரியும். அவரைத் தண்டிக்கத் தனிக்கோட்பாடு எதுவும் வேண்டியதில்லை. இந்தக் கோட்பாடு காணாதவருக்காக வந்தது. எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், அதனால் பார்க்கவே வேண்டாம் என்று இருந்தவருக்காக.

இந்த வேறுபாடு நிதிக்குற்ற வழக்குகளில் ஏன் இவ்வளவு பெரிதாகிறது? திருட்டு வழக்கில் 'நான் அங்கே இல்லவே இல்லை' என்று வாதாடலாம். கணக்கு மோசடி வழக்கில் அதற்கு வழியே கிடையாது. கையெழுத்து அவருடையது, மின்னஞ்சல் அவருக்கு வந்திருக்கிறது, கூட்டக் குறிப்பில் அவர் பெயர் இருக்கிறது. மிஞ்சுவது ஒரே கேள்வி: அவருக்குத் தெரியுமா, தெரியாதா? எதிர்வாதம் முழுக்க அந்த ஒரு வினைச்சொல்லின் மேல்தான் நிற்கிறது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்டுகாமின் வழக்கில் அதன் தலைவராக இருந்த பெர்னார்ட் எப்பர்ஸ் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னதன் சாரம், தனக்குக் கணக்கியல் தெரியாது, கீழே இருந்தவர்கள் செய்ததை அறியவில்லை என்பதே. 1,100 கோடி டாலர் அளவிலான மோசடி அது. தெரிந்துகொள்வதை அவர் வேண்டுமென்றே தவிர்த்தாரா என்றும் பார்க்கலாம் என்று நீதிபதி ஜூரிகளுக்கு வழிகாட்டினார். 2005இல் அவருக்குக் கிடைத்தது 25 ஆண்டுச் சிறை. மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது.

இனி இந்தக் கோட்பாட்டின் உள்ளே கொஞ்சம் போவோம். அதைப் பார்க்காமல் சொல் அமைத்தால் பிறகு வருத்தப்படுவோம்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்த்த குளோபல்-டெக் வழக்கு காப்புரிமை வழக்குதான், குற்ற வழக்கு அல்ல. ஆனால் கோட்பாட்டைக் குற்றவியலிலிருந்துதான் எடுத்தார்கள். கதை இது: பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் எண்ணெயில் பொரிக்கும் மின்சாதனத்தைக் குளோபல்-டெக்கின் துணை நிறுவனத்தார் ஹாங்காங்கில் ஒன்று வாங்கி, வெளித்தோற்றம் தவிர மற்றதை அப்படியே நகலெடுத்துத் தயாரித்தார்கள். அயல்நாட்டு விற்பனைக்கான சாதனம் என்பதால் அதில் அமெரிக்கக் காப்புரிமைக் குறி எதுவும் இல்லை. பிறகு ஒரு வழக்குரைஞரை அமர்த்தி, 'இதை அமெரிக்காவில் விற்றால் யாருடைய உரிமையையாவது மீறுவோமா?' என்று கருத்துக் கேட்டார்கள். நகலெடுத்த சங்கதியை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் தேடிப்பார்த்து, மீறல் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் கடிதம் கையில் இருக்கும்வரை 'எனக்குத் தெரியாது' என்பது சொல்லளவில் உண்மைதான். அப்படியொரு உண்மையைக் காசு கொடுத்துச் செய்துகொண்டார்கள், அவ்வளவே.

நீதிமன்றம் இரண்டு கூறுகளைக் கேட்டது. ஒன்று, அப்படி ஒரு உண்மை இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு என்று அந்த ஆளே மனதுக்குள் நம்பியிருக்க வேண்டும். இரண்டு, அது உறுதியாகிவிடாமல் இருக்க அவர் வேண்டுமென்றே ஏதாவது செய்திருக்க வேண்டும். கவனக்குறைவு போதாது; ஆபத்து தெரிந்தும் துணிந்து இறங்குவதும் போதாது. எதிர்வாத வழக்குரைஞர் நிற்கும் இடம் இதுதான். அரசுத் தரப்பு எப்போதும் 'அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்' என்று இழுக்கும். 'தெரிந்திருக்க வேண்டும் என்பது வேறு, தெரியாமல் பார்த்துக்கொண்டார் என்பது வேறு' என்று அவர் திருப்பி இழுக்க வேண்டும். நாம் தரும் தமிழ்ச் சொல் அந்த இழுவையில் ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. கவனக்குறைவையும் உள்ளே விடும் சொல், ஏமாந்தவரையும் சிறைக்கு அனுப்பும்.

இந்தக் கல்லில் உரசிப் பார்த்தால் வந்த பரிந்துரைகள் பெரும்பாலும் தேறவில்லை.

'வேண்டுமென்ற குருட்டுத்தனம்' சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. குருட்டு நம்பிக்கை, குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்லிப் பழகியதால் அதில் முட்டாள்தனத்தின் வாடைதான் வருகிறது. இங்கே பேசப்படுபவரோ மகா கெட்டிக்காரர். பார்வையற்றவர்களைத் தேவையில்லாமல் இழுப்பது வேறு.

'பாராமுகம்' எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் அது புறக்கணிப்பு, அலட்சியம். நாம் தள்ளிவைக்க நினைக்கும் கவனக்குறைவு பின்வாசல் வழியாக அதோடு உள்ளே வந்துவிடும். 'வலிந்த அறியாமை' பரவாயில்லை. ஆனால் அறியாமை என்பது ஒரு நிலை, நீதிமன்றம் கேட்பது ஒரு செயலை.

'பூனைக்கண்' என்று எழுதியவருக்குத் தனி வணக்கம், வாய்விட்டுச் சிரித்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடாது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அமெரிக்க வழக்குரைஞர்களும் ஜூரிகளுக்கான இந்த வழிகாட்டலை 'நெருப்புக்கோழி அறிவுறுத்தல்' என்றுதான் பேச்சில் சொல்வார்கள். (நெருப்புக்கோழி உண்மையில் மண்ணில் தலையைப் புதைப்பதில்லை, அதற்கும் ஒரு நல்ல எதிர்வாத வழக்குரைஞர் தேவை.) பேச்சுக்குச் சரி, பட்டியலுக்கு வேண்டாம். குற்றம் சாட்டப்பட்டவரைப் பூனை என்று அழைத்த பிறகு விசாரணைக்கு என்ன மிச்சம்?

என் பரிந்துரை: அறிதல் தவிர்ப்பு. வினையாக எழுதும்போது 'அறிவதைத் தவிர்த்தார்' அல்லது 'தெரிந்துகொள்வதைத் தவிர்த்தார்'.

இதன் பலம் தமிழிலேயே இருக்கிறது. 'தெரிந்துகொள்ளத் தவறினார்', 'தெரிந்துகொள்வதைத் தவிர்த்தார்' இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். தவறுவது யாருக்கும் நேரும், தவிர்ப்பது ஒருவர் செய்வது. சட்டம் பிரிக்கும் அதே கோட்டில் இந்த இரண்டு வினைகளும் பிரிந்து நிற்கின்றன. எதிர்வாதத்தையும் இயல்பாக எழுத முடிகிறது: 'என் கட்சிக்காரர் அறிவதைத் தவிர்க்கவில்லை. சந்தேகம் வந்தபோது தணிக்கையாளரிடம் கேட்டார். ஆவணங்கள் எல்லாவற்றையும் காட்டினார். சரி என்றார்கள், நம்பினார்.' இதே வாக்கியத்தில் 'கண்டும் காணாமை'யைப் போட முயன்றால் வாதம் கால் தடுக்கி விழும்.

பழைய வழக்கு ஒன்றும் இதற்குத் துணை. இக்கோட்பாட்டின் வேரை 1861இல் இங்கிலாந்தில் நடந்த ஸ்லீப் என்பவரின் வழக்கில் காட்டுவார்கள். அவர் அனுப்பிய செப்பு ஆணிகளில் அரசு முத்திரை இருந்தது; அரசுப் பொருளை வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. முத்திரையை அறிந்துகொள்ள அவருக்கு வாய்ப்பு இருந்தது என்று மட்டும் ஜூரிகள் சொன்னார்கள். தெரிந்திருந்தது என்றோ, தெரிந்துகொள்வதை வேண்டுமென்றே தவிர்த்தார் என்றோ சொல்லவில்லை. தண்டனை ரத்தானது. ஆக, இந்தக் கோட்பாடு பேரேட்டில் ஏறியதே ஒருவரை விடுவித்த வழக்கில்தான்.

இரண்டு எதிர்ப்புகள் வரும் என்று தெரியும். புணர்ச்சி விதிப்படி 'அறிதற்றவிர்ப்பு' என்றாக வேண்டும் என்று இலக்கண நண்பர் எழுதுவார். ஐயா, விதி சரிதான், ஆனால் படிப்பவர் 'அறிதல் அற்ற' என்று பிரித்துத் தொலைப்பார். இடைவெளி விட்டே எழுதுவோம். அடுத்தது:

> தட்டச்சில் 'தவிர்ப்பு' 'தவறு' ஆகிவிட்டால் தீர்ப்பே மாறுமே?

மாறும். அதனால் ஓர் ஆவணத்தில் முதன்முறை வரும்போது 'வேண்டுமென்றே' என்ற அடையைக் கட்டாயமாக்கலாம். அடுத்து வரும் இடங்களில் விட்டுவிடலாம்.

'இதை அறிவின் ஒரு வகை என்று பட்டியலில் போடலாமா?' என்றும் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். நீதிபதி ஆந்தனி கென்னடி 1976இல் ஜுவல் என்பவரின் போதைப்பொருள் வழக்கிலும், 35 ஆண்டு கழித்து குளோபல்-டெக்கிலும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். இரண்டாவதில் அவர் வைத்த வாதமே இது அறிவு ஆகாது, அறிவுக்குப் பதிலாக வைக்கும் ஒன்று என்பதுதான். இரண்டிலும் அவர் தோற்ற பக்கம். ஆனாலும் நம் பட்டியலில் இதற்குத் தனி உள்ளீடு கொடுத்தால் அந்த வாதத்துக்கும் இடம் இருக்கும். 'கான்ஷியஸ் அவாய்டன்ஸ்', 'டெலிபரேட் இக்னரன்ஸ்' இரண்டையும் இதே உள்ளீட்டுக்குத் திருப்பிவிடலாம். நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் பெயர்தான் வேறு.

அப்புறம், 'அட்வைஸ் ஆஃப் கவுன்சல்' எதிர்வாதத்துக்கு 'சட்ட ஆலோசனையை நம்பியமை' என்று போட்டிருக்கிறேன். அதன் விளக்கத்தில் 'உண்மைகள் முழுவதையும் ஆலோசகரிடம் சொன்ன பின்' என்ற சொற்கள் கட்டாயம் வேண்டும். பொரிப்புச் சாதனக்காரர்கள் மாட்டியது அங்கேதான்.

இன்னும் நிற்பது 'ரெக்லெஸ்னஸ்'. 'அசட்டுத் துணிச்சல்' என்று இப்போதைக்கு எழுதிவைத்திருக்கிறேன், திருப்தியில்லை. ஆபத்து இருப்பது அவருக்குத் தெரியும் என்பது அந்தச் சொல்லில் தெரிய வேண்டும். கைவசம் இருப்பதை எழுதுங்கள்.