ரோட்டாகேப்பிலிருந்து பம்புக்கு மாறியும் இளைப்பு குறையவில்லை, எங்கே தவறு?

வைகைக்கரை:
அம்மாவுக்கு 58 வயது, ஆஸ்துமா. ரோட்டாகேப்பை (கருவியில் போட்டு இழுக்கும் பொடி மருந்து கேப்சூல்) நிறுத்தி, புடெசோனைடு–ஃபார்மோட்டெரால் பம்ப் காலை 2, இரவு 2 பஃப் எழுதியிருக்கிறார்கள். அடித்ததும் தொண்டையில் மருந்து ருசி தெரிகிறது, இளைப்பு அப்படியே. நீலப் பம்பைத்தான் (சால்பூட்டமால், உடனடி நிவாரணத்துக்கு) அடிக்கடி தேடுகிறார். மருந்து மிச்சம் இருக்கிறதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கலாமா? ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் குழாய்) அவசியமா?

மூச்சுக்காற்று:
தொண்டையில் ருசி தெரிந்தால் மருந்தில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிட்டது என்றுதான் அர்த்தம். ரோட்டாகேப்பில் பொடியைக் கிளப்பி உள்ளே கொண்டுபோவது நாம் இழுக்கிற வேகம். அதனால் பலமாக இழுக்க வேண்டும். பம்ப் நேர் எதிர். மருந்து தானாகவே பீய்ச்சிக்கொண்டு வரும். வேகமாக இழுத்தால் தொண்டையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மாறி வருகிறவர்கள் பலரும் பழைய வேகத்திலேயே இழுப்பார்கள்.

குலுக்குங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாயில் பொருத்தி, இழுக்கத் தொடங்கும்போதே ஒரே ஒரு அழுத்து. 4–5 விநாடி மெதுவாக இழுத்து, 10 விநாடி அடக்க வேண்டும். அரை நிமிடம் கழித்து மறுபடி குலுக்கி அடுத்த பஃப். அழுத்துவதும் இழுப்பதும் ஒத்துவராவிட்டால் (பலருக்கும் வராது) ஸ்பேசர் வாங்கிவிடுங்கள். அதிலும் ஒரு அழுத்துக்கு ஒரு மூச்சுதான். இரண்டு பஃபைச் சேர்த்து அடைத்தால் மருந்து அதிகமாகச் சுவரில் ஒட்டிவிடும். விசில் சத்தம் கேட்டால் வேகம் அதிகம்.

மருந்துக்கடை மாடி:
மிதக்கவிடும் சோதனை வேண்டாம், நம்ப முடியாது. மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு புஸ்ஸென்று வரும், அதுதான் ஏமாற்றுவது. எண்காட்டி இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் 120 டோஸ் பம்ப், நாளுக்கு 4 பஃப் வீதம் சரியாக 30 நாள். தொடங்கிய தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள்.

ஸ்பேசரை மாதம் ஒருமுறை, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அப்படியே காயவிடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி, மருந்தைச் சுவரே இழுத்துக்கொள்ளும்.

இரவுப்பணி:
நீலப் பம்ப் மூச்சுக்குழலை விரிக்கும், அதன் வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைப்பது புடெசோனைடுதான். நீலப் பம்ப் வாரத்தில் 2 நாளுக்கு மேல் தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை. 200 டோஸ் நீலப் பம்ப் ஆண்டுக்கு 3 அல்லது அதற்கு மேல் தீர்ந்தால் கடும் இளைப்பு வரும் ஆபத்து கூடுகிறது. 2019 முதல் ஜினா (உலக ஆஸ்துமா அமைப்பு) வழிகாட்டியும் பெரியவர்களுக்கு அதை மட்டும் தனியாகத் தர வேண்டாம் என்கிறது. புடெசோனைடு பம்ப் அடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், வாய்ப்புண்ணும் குரல் கரகரப்பும் குறையும். கண் அழுத்தத்துக்கு டிமோலால் சொட்டு போடுகிறாரா, மூட்டுவலி மாத்திரை எடுக்கிறாரா? இரண்டுமே சிலருக்கு இளைப்பைக் கிளப்பும், டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாத இளைப்பு, உதடு நீலம் என்றால் உடனே 108. வண்டி வரும்வரை நீலப் பம்பை ஸ்பேசரில் ஒவ்வொரு பஃபாகக் கொடுங்கள்.

வைகைக்கரை:
மீதமிருக்கிற ரோட்டாகேப்பையும் இடையிடையே போடலாமா?

மூச்சுக்காற்று:
கூடாது. பெரும்பாலும் அதே வகை மருந்துதான், அளவு இரட்டிப்பாகிவிடும். கேப்சூல் டப்பாவை அடுத்த முறை டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். பம்பையும் ஸ்பேசரையும் கூடவே எடுத்துப்போய், அவர் முன்னால் அம்மாவையே ஒருமுறை அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.