மறு: சங்கப் படகு சாஃப்ட் – காசு அனுப்புமுன் ஒரு சொல்

சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

சாஃப்ட் (எஞ்சினிலிருந்து புரொப்பல்லரைச் சுழற்றும் எஃகுத் தண்டு) மறுபடி முறிந்ததும், "இரண்டு மடங்கு வலுவான எஃகில் போடுங்கள், கூடுதல் செலவு என் பொறுப்பு" என்று குவைத் மாமா எழுதியிருந்தார். நல்ல மனசு. ஆனால் மாமா, அந்தக் காசு கடலில்தான் போகும்.

ஊரிலிருந்து தம்பி அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முறிந்த முகத்தில் முக்கால்வாசி வழவழவென்று கறுத்து, வளைவு வளைவாகக் கோடு ஓடியிருக்கிறது. மீதிதான் சொரசொரப்பு. பாறையில் இடித்து ஒரே அடியில் போனதல்ல. விரிசல் மாதக்கணக்கில் ஊர்ந்து, மிச்சமிருந்த கால்வாசி கடைசியில் தாங்கவில்லை. தொடங்கிய இடம், கீவே (புரொப்பல்லரைப் பூட்டும் ஆப்புக்காகச் சாஃப்டில் வெட்டிய பள்ளம்) முடியும் முனையில் ஒரு துருக்குழி.

சாஃப்ட் ஒரு சுற்று சுற்றும்போது அதன் மேற்பரப்பு ஒருமுறை இழுபட்டு ஒருமுறை நசுங்கும். நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் மணிக்கு 36,000 தடவை. காற்றில் சாதா எஃகுக்கு ஓர் எல்லை உண்டு, இழுவலிமையில் (இழுத்தால் அறுந்துபோகும் அளவில்) ஏறக்குறையப் பாதி. சுமை அதற்குக் கீழே இருந்தால் எத்தனை கோடி சுற்றானாலும் தாங்கும். உப்புத் தண்ணீரில் அந்த எல்லையே கிடையாது. சுமையைக் குறைத்தால் முறியும் நாள்தான் தள்ளிப்போகும்.

1920களில் அமெரிக்கக் கடற்படையின் அனாபொலிஸ் சோதனைச்சாலையில் மெக்ஆடம் என்பவர் எஃகுத் துண்டுகளைத் தண்ணீர் படப்படச் சுழற்றிப் பார்த்தார். காற்றில் வலுவில் வெகுவாக வேறுபட்ட எஃகுகள், ஈரத்தில் கிட்டத்தட்ட ஒரே தாழ்ந்த மட்டத்துக்கு வந்துவிட்டன. குரோமியம் நிறையக் கலந்தவைதான் ஓரளவு தப்பின. (அப்போ ஸ்டெயின்லெஸ்? போடலாம், ஆனால் தண்ணீர் தேங்கும் இடுக்கில் அதிலும் குழி விழும்.)

அதனால் பழைய எஃகே போதும், தண்ணீரைத் தள்ளி வைப்போம். புரொப்பல்லர் குடத்தின் முன்பக்கம் ரப்பர் வளையம் புதிதாகப் போட்டு, உள்ளே கிரீஸ் நிறைக்க வேண்டும். சாஃப்டுக்குப் பதிலாகத் தான் அரிபடும் துத்தநாகக் கட்டி சாஃப்ட் உலோகத்தோடு நேராகத் தொட்டிருக்க வேண்டும். அழகுக்காக அதன்மேல் பெயின்ட் அடித்தால் வேலை செய்யாது, படத்தில் அடித்திருக்கிறது! அப்புறம், லேத்துக்காரரிடம் கீவே முனையைக் கூராக விடாமல் உருட்டிவிடச் சொல்லுங்கள். தனிக் கூலி கேட்டால் கொடுத்துவிடலாம், அதை மாமா கணக்கில் எழுதிக்கொள்வோம்.