அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: தொற்று வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

வணக்கம். அடுத்த வாரம் அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, அதுதான் என் பயமே. போன வருடம் பெரியப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து, தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்து ரொம்ப அவதிப்பட்டார். செயற்கை மூட்டு வைத்தால் 90 நாள் வரை தொற்றைக் கண்காணிக்க வேண்டுமாம்.

ஆபரேஷன் செய்யும் இடத்தில் உள்ள முடியைச் சவரக்கத்தியால் மழிக்கக் கூடாது, தேவையென்றால் கிளிப்பரால் வெட்டினால் போதும். கீறுவதற்கு முன்பே ஆன்டிபயாடிக் ஊசி போட்டுவிடுவார்கள். சரி, இதெல்லாம் டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். வார்டில்தான் குழப்பம். பார்க்க வரும் சொந்தக்காரர்களைக் கை கழுவச் சொன்னால் கோபித்துக்கொள்வார்களே, எப்படிச் சமாளித்தீர்கள்? கட்டுப் பிரிக்க வரும் நர்ஸிடம் கை சுத்தம் பற்றிக் கேட்டால் தப்பாக நினைப்பார்களா? அனுபவப்பட்டவர்கள், செவிலியர்கள் யாராவது சொல்லுங்கள், ப்ளீஸ்.