எட்டு மாதத் துக்கம் நோயா?

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழர்களின் இணைய உரையாடல். சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் இரண்டும் அந்நகரின் பகுதிகள்.)

சாட்ஸ்வொர்த் மகள்: அப்பா காலமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. அம்மா இன்றும் மாலையில் இரண்டு கோப்பை தேநீர் ஊற்றி, ஒன்றை அப்பாவின் நாற்காலிக்கு எதிரே வைத்து, அது ஆறியதும் கறிவேப்பிலைச் செடியடியில் கொட்டுகிறார். பத்து நிமிடம்கூடப் பேசாத ஒரு மருத்துவர், மனச்சோர்வு என்று எழுதி மாத்திரை கொடுத்துவிட்டார். தலைத்திவசம்கூட வராத நிலையில் அம்மாவை நோயாளியாக்கியது சரியா?

டர்பன் பயிற்சி மருத்துவர்: இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும், அக்கா. மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம் கையேடு, இழப்பு நேர்ந்த முதல் இரண்டு மாதங்களில் பொதுவாக மனச்சோர்வு என்று முடிவு செய்யக் கூடாது என்றிருந்த விதிவிலக்கை 2013இல் நீக்கியது. துக்கத்தின் பெயரால் உண்மையான மனச்சோர்வு சிகிச்சையின்றிப் போகக் கூடாது என்பதே காரணம். நீடித்த துக்கக் கோளாறு என்பது வேறு. அப்படிச் சொல்லப் பெரியவர்களுக்கு இழப்புக்குப் பின் குறைந்தது 12 மாதங்கள் கடந்திருக்க வேண்டும் என்று அந்தக் கையேட்டின் 2022ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு வரையறுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 ஆறு மாதங்கள் என்கிறது. அவரவர் சமூக வழக்கத்தை மீறியதாக இருந்தால்தான் அது கோளாறு என்று இரண்டுமே சொல்கின்றன.

பீனிக்ஸ் வாத்தியார்: ஆக, எட்டாம் மாதத்தில் அந்த அம்மாள் ஜெனீவாவில் நோயாளியாகலாம், வாஷிங்டனில் ஆக முடியாது! நம் பெரியவர்களும் பதினாறாம் நாள், ஆண்டுத் திதி என்று கணக்கு வைத்தார்கள். ஆனால் அது துக்கப்படுபவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கன்று, உறவினர் மறுபடியும் வீட்டுக்கு வருவதற்கு. இங்கே நோய்க்கான குறியீட்டு எண் இல்லாமல் மருத்துவக் காப்பீட்டில் பணம் கேட்க முடியாது. பெயர் சூட்டும் அவசரத்தில் பாதி அங்கிருந்து வருகிறது.

டர்பன் பயிற்சி மருத்துவர்: குறியீட்டைப் பற்றி மறுக்க மாட்டேன், ஐயா. ஆனால் பெயர் சரியாக இருந்தால்தான் சிகிச்சையும் சரியாக அமையும். 2016இல் வெளியான, 395 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில், சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரை துக்கத்தின் கடுமையைக் குறைக்க உதவவில்லை. துக்கத்துக்கென்றே வகுக்கப்பட்ட 16 அமர்வுப் பேச்சு சிகிச்சைதான் உதவியது. அதோடு சேர்த்துக் கொடுத்தபோது, மாத்திரை மனச்சோர்வின் அறிகுறிகளைத் தணித்தது.

பீனிக்ஸ் வாத்தியார்: பதினாறு உங்களையும் விடவில்லை போலும். சமூக வழக்கம் என்கிறீர்களே, நம் வழக்கம் என்னவென்று பயிற்சியில் யார் கற்றுக்கொடுக்கிறார்கள்?

டர்பன் பயிற்சி மருத்துவர்: அதே 2013 கையேட்டில், நோயாளியின் பண்பாட்டுப் பின்னணியைக் கேட்டறிய 16 கேள்விகள் கொண்ட நேர்காணல் ஒன்று இருக்கிறது. வெளியே வரிசை நிற்கும்போது நான் அதை முழுமையாகக் கேட்டது இரண்டே முறை. அக்கா, அந்தக் கோப்பை நோயன்று. உறக்கம், எடை, தன்னைத் தானே பழித்துக்கொள்வது, உயிர் வேண்டாம் என்ற எண்ணம் ஆகியவற்றை மருத்துவர் கேட்டாரா? கேட்காவிட்டால் மறுபடியும் சென்று சொல்லுங்கள். அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சாட்ஸ்வொர்த் மகள்: கேட்கவில்லை. அம்மாவின் ரவிக்கைகளை இதுவரை இரண்டு முறை பிடித்துத் தைத்திருக்கிறேன். உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் அது உறைத்தது. கோப்பையைப் பற்றி மட்டுமே மருத்துவரிடம் சொன்னவள் நான்தான்.